முழங்கால் தண்ணீருக்கு ஒரு வக்காலத்து

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூருவின் காக்ஸ் டவுன், குக் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கத்துக் கேமராக்காரர்களுக்குச் சனி, ஞாயிறு தூக்கம் போச்சு. விடிவதற்குள் வண்டியைக் கிளப்பி ஒரு கூட்டம் ஹொசகோட்டை ஏரிக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் ஜக்கூருக்கு. தூரத்தைப் பொருட்படுத்தாதவர்கள் மத்தூர் தாலுகாவில் இருக்கும் கொக்கரே பெள்ளூர் வரைக்கும் போய், புளியமரத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவர்களில் பலர் போகும்போதும் வரும்போதும் ஓர் ஏரியைத் தாண்டித்தான் போகிறார்கள். கென்சிங்டன் சாலையில், வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும் அல்சூர் ஏரி. அங்கே ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், “அது சாக்கடைங்க, அங்க என்ன இருக்கு?” என்று பதில் வரும்.

பாதி உண்மைதான். சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்குள் காக்ஸ் டவுன் பக்கத்திலிருந்தும் ஜெயமகால் பக்கத்திலிருந்தும் வரும் மழைநீர்க் கால்வாய்கள் மழைநீரை மட்டும் கொண்டுவருவதில்லை. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஆகாயத்தாமரை மூடுவதும், இயந்திரம் வைத்து அள்ளுவதும், மறுபடி மூடுவதும் வழக்கமாகிவிட்ட காட்சி. ஆனாலும் அங்கே பறவை இல்லை என்பது பொய். குளிர்காலக் காலையில் ஏரி நடுவே உள்ள திட்டுகளைப் பார்த்தாலே போதும். இறக்கையை விரித்துக் காய வைக்கும் நீர்க்காகங்கள், கிளைக்குள் பதுங்கி உறங்கும் வக்காக்கள், மேலே வட்டமிடும் கரும்பருந்தும் செம்பருந்தும், தண்ணீரில் நாமக்கோழிகள், அங்கங்கே முங்கி எழும் முக்குளிப்பான். கூழைக்கடாவும் வரும். ஒரு தலைமுறைக்கு முன்பு நகர ஏரிகளில் அரிதாகத் தெரிந்த பறவை அது. இன்று படகுச் சவாரிக்கு வந்த குழந்தைகள்கூட அதைக் கண்டதும் கைகாட்டிக் கத்துகிறார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி வேறு. அல்சூரில் பறவை இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, எந்தப் பறவை இல்லை என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எல்லாம் நீந்துகிற, முங்குகிற, மரத்திலோ வானத்திலோ இருந்து இறங்கி வேட்டையாடுகிற ஜாதி. சேற்றில் நடந்து மேய்கிற பறவை அதில் ஒன்றுகூட இல்லை. பொறி உள்ளான், நெடுங்கால் உள்ளான், வாலை மேலே தூக்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேயும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவற்றைத் தேடித்தான் கேமராக்காரர்கள் ஹொசகோட்டைக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். இதற்கு அழுக்கு காரணமில்லை. ஹொசகோட்டைத் தண்ணீர் ஒன்றும் பன்னீர் கிடையாது. காரணம் ஆழம்.

நீர்ப்பறவைக்குக் கால் நீளமும் கழுத்து நீளமும்தான் விலாசம். பொறி உள்ளானுக்கு விரற்கடை அளவு தண்ணீர், அதற்குக் கீழே குத்தினால் இறங்கும் சேறு. நெடுங்கால் உள்ளான் பெயருக்கேற்ற காலோடு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நீலச்சிறகியும் ஊசிவாலும் தலைகீழாகக் கவிழும்போது அலகு தரையைத் தொட வேண்டும். தண்ணீர் ஓரடி, ஒன்றரை அடியைத் தாண்டினால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. தட்டைவாயன் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். அகன்ற அலகின் ஓரங்களில் நெருக்கமாக வரிசையிட்ட மெல்லிய தகடுகள் வழியே தண்ணீரை வடிகட்டி, நுண்ணுயிர்களைத் தின்னும். பத்துப் பதினைந்து தட்டைவாயன்கள் வட்டமாக ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து சுற்றிச் சுற்றி நீந்தி, கீழே இருப்பதைக் கலக்கி மேலே கொண்டுவரும். அடி எட்டுகிற இடத்தில்தான் அந்தச் சுற்றலுக்குப் பலன் அதிகம். இத்தனைக்கும் மாறாக, அல்சூரின் கற்கட்டுக் கரை செங்குத்தாக இறங்குகிறது. கரையோரமே ஆழம். கல்லில் நின்று வாலை ஆட்டும் சாதா உள்ளானும், கால்வாய் வாயில் பூச்சி பிடிக்கும் வாலாட்டியும் மட்டும் எப்படியோ சமாளித்துக்கொள்கின்றன.

ஏரி என்று நம் முன்னோர் வெட்டியது இப்படி இல்லை. ஒரு பக்கம் மண்ணைக் குவித்துக் கரை, கரையடியில் ஆழம், எதிர்ப்பக்கம் போகப் போக மெலிந்து, வயலோடும் மேய்ச்சல் நிலத்தோடும் கலந்துபோகிற தண்ணீர். மழை முடிந்து நவம்பர், டிசம்பரில் நிறைந்து நிற்கும். பிறகு பாசனத்துக்குத் திறக்கத் திறக்க, வெயில் உறிஞ்ச உறிஞ்ச, நீர்விளிம்பு வாரத்துக்கு வாரம் பின்வாங்கும். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு சேற்றுப் பட்டை வெளியே வரும். அதில் புழு, நத்தை, பூச்சி முட்டை. வடக்கே சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புறப்பட்ட பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும் வரை இந்தப் பட்டைதான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. விவசாயி தண்ணீரைக் குறைப்பதும் பறவை வந்து இறங்குவதும் ஒரே பருவத்தில் நடப்பதாக அமைந்தது தென்னிந்திய ஏரி.

நகரத்துக்குள் அகப்பட்ட ஏரிக்கு இந்த இரண்டும் போயிற்று. முதலில் மெலிந்த பக்கம் போனது. அதுதானே வீடு கட்டத் தோதான பக்கம். பெங்களூருவில் சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது, தர்மாம்புதி பேருந்து நிலையமானது என்பது எல்லாரும் சொல்லும் கதை. மிச்சமிருக்கும் ஏரிகளும் தங்கள் ஓரத்தைப் பறிகொடுத்துவிட்டு நடுவயிற்றோடு நிற்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டாவதாக, தண்ணீர் வற்றுவது நின்றது. வருஷம் முழுக்கக் கழிவுநீர் வந்துகொண்டே இருப்பதால் ஜனவரியிலும் மேயிலும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். சேற்றுப் பட்டை வெளியே வருவதற்கு வழியே இல்லை.

மூன்றாவது காரணம்தான் எரிச்சலூட்டுவது. ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் செய்யும் வேலை அது. தூர்வாரும் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் அள்ளிய மண்ணின் கன அளவுக்கு ஏற்பக் கிடைக்கிறது. எவ்வளவு ஆழமோ அவ்வளவு பில். அள்ளிய மண்ணில் ஒரு பகுதியைச் சுற்றிக் கொட்டி நடைபாதை, அதன்மேல் கட்டக்கல், வேலி, விளக்கு, உடற்பயிற்சிக் கருவி, நடுவில் பறவைகளுக்கென்று வட்டமாக ஒரு திட்டு. திறப்பு விழாவில் எல்லாருக்கும் சந்தோஷம். ஏரி ஆர்வலர்கள் இந்த மாதிரியை ‘சூப் கிண்ணம்’ என்று கேலி செய்வார்கள். சுற்றிலும் ஒரே சரிவு, உள்ளே ஒரே ஆழம். கிண்ணத்தில் கூழைக்கடா நீந்தும். உள்ளானுக்கு நிற்க இடமிருக்காது.

நடைபாதை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. காக்ஸ் டவுன் மாதிரி நெருக்கமான பேட்டையில் வயதானவர்கள் காலையில் நடக்க ஓர் இடம் கிடைப்பதே பெரிய விஷயம். நடைபாதை ஏரியை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும் என்று யார் விதித்தது என்பதுதான் கேள்வி. முக்கால் வட்டம் நடந்து திரும்பினால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

ஏரி யாருடையது என்ற சண்டை பெங்களூருவுக்குப் புதிதில்லை. 2002-இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஹெப்பால், நாகவாரா, அகரா ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஹெப்பாலில் ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனம், நாகவாராவில் பொழுதுபோக்குப் பூங்கா. 2008-இல் என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது, நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2012-இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு ஏரிக்கு வெளியே எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற வழக்கு. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாஸ்டர் பிளானில் இருந்த 30 மீட்டரே நிலைத்தது. இத்தனை வருஷ வாதத்தில் வேலிக்கு வெளியே எத்தனை மீட்டர் என்பதற்குத்தான் பதில் கிடைத்தது. வேலிக்கு உள்ளே, தண்ணீர் எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று கேட்டவர்கள் சிலரே.

கேட்டால் முடியாத காரியமில்லை என்பதற்கு ஜக்கூர் சாட்சி. அங்கே ஏரிக்குத் தலைமாட்டில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை கட்டப்பட்டது. அங்கிருந்து வரும் நீர் நேரே ஏரியில் விழாமல், சம்பும் கோரையும் வளர்ந்த ஆழமில்லாத ஈரநிலம் ஒன்றைக் கடந்துதான் உள்ளே போகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காக விட்ட இடம் அது. பறவைக்கும் அதுவே சாதகமாகிவிட்டது. நீலத் தாழைக்கோழி புதருக்குள்ளிருந்து தலையை நீட்டும். மேலே சேற்றுப்பூனைப் பருந்து தாழப் பறந்தால் வாத்துகள் மொத்தமாக எழும்பும். எலஹங்கா புட்டேனஹள்ளி ஏரியைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாகவே அரசு அறிவித்துவிட்டது. ஊருக்கு நடுவே இருக்கும் அல்சூருக்கு அந்த மாதிரி அந்தஸ்து வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு மூலையில் ஓரடித் தண்ணீர் கிடைத்தாலே போதும்.

இதெல்லாம் நாலு பறவைப் பித்தர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடித் தகவல்களை வைத்து 942 வகைப் பறவைகளை அலசியது. 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்துவிட்டதால் உலகச் சிவப்புப் பட்டியலில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று 14 வகைகளை அது குறிப்பிட்டது. பனங்காடை அதில் ஒன்று. மற்றவற்றுள் கிளுவை, தட்டைவாயன், சாதா உள்ளான் ஆகிய மூன்றும் குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வருபவை. அழிந்துவரும் அபூர்வப் பறவை என்று யாரும் இவற்றைக் கொண்டாடியதில்லை. “ஓ, தட்டைவாயனா” என்று சொல்லிவிட்டுக் கேமராவை வேறு பக்கம் திருப்புகிற அளவுக்குச் சாதாரணமானவை. சாதாரணமானது குறைவதைத்தான் கண் கவனிக்காது.

இங்கேதான் கேமராக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது அவர்கள் இப்போது செய்யும் வேலை இல்லை.

பறவைப் படக்காரர்கள் மத்தியில் இரண்டு விதமான படம் உண்டு. ஒன்று, சுவரில் மாட்டும் படம்: மீனைக் கவ்வியபடி எழும் மீன்கொத்தி, பொன்னிற வெயிலில் கூழைக்கடா, பின்னணி மழமழவென்று கரைந்திருக்கும். மற்றது ‘ரெக்கார்ட் ஷாட்’. தூரத்தில் எடுத்தது, கொஞ்சம் மங்கல், ஆனால் என்ன பறவை என்று அடையாளம் தெரியும். இந்த இரண்டாவதை மன்னிப்புக் கேட்கும் தொனியில்தான் காட்டுவார்கள். “சும்மா ரெக்கார்ட் ஷாட்தான் சார்.” மாநகராட்சி அதிகாரி முன்னால் மேசையில் வைக்க வேண்டிய படம் அந்தச் சும்மா படம்தான். தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, அது எங்கே நின்றது என்பவை அதில் இருக்கும். பறவையின் கால் எவ்வளவு தண்ணீருக்குள் போயிருக்கிறது என்பதும் தெரியும். நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அங்கே தண்ணீர் சில அங்குலம்தான். அடுத்த வருஷம் அதே மூலையில் உள்ளான் போய் நாமக்கோழி நீந்தினால், இடையில் யாரோ மண்ணை அள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அளவுகோலை எடுத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் அந்தச் சேற்றில் இறங்கப் போவதில்லை. உள்ளான் இறங்கி அளந்து காட்டுகிறது.

இதற்கு லட்ச ரூபாய் லென்ஸ் தேவையில்லை. நீளமாக ஜூம் ஆகும் நிக்கான் பி900 மாதிரியான ஒரு கேமரா வந்த பிறகு ஓய்வூதியக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். நுணுக்கம் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஜனவரியில் பெங்களூருவில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டித்தான் எழும். பனி விலகி வெளிச்சம் தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தங்கம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். கொக்கு, கூழைக்கடா போன்ற வெளுத்த பறவை கறுத்த தண்ணீர்மேல் இருந்தால் கேமரா ஏமாந்துபோய்ப் படத்தை வெளுக்க வைத்துவிடும். இறகின் வரி தெரிய வேண்டுமானால் எக்ஸ்போஷரை முக்கால் அல்லது ஒரு புள்ளி குறைத்துக்கொள்ள வேண்டும். நின்றபடி எடுக்காமல் உட்கார்ந்து, முடிந்தால் வேலிக் கம்பிக்குக் கீழ் இடைவெளியில் லென்ஸை வைத்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். முகத்தை மட்டும் நெருக்கி எடுக்கும் ஆசையை அடக்கி, காலும் நீர்விளிம்பும் சட்டத்துக்குள் விழும்படி ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும். அல்சூரில் இன்னொரு கவனமும் தேவை. கரையின் ஒரு பகுதி மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ராணுவ வளாகம். அந்தப் பக்கம் லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றால் நீலச்சிறகியைத் தேடினேன் என்ற விளக்கம் எடுபடாது.

பளபளப்புக்கு மயங்காத படக்காரர் தமிழில் ஒருவர் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். சண்டூர் சமஸ்தானத்தில் சில காலம் வேலை பார்த்தவர் என்பதால் கர்நாடகத்தோடும் தொடர்புண்டு. உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய பருத்த கேமராவுக்குக் கிண்டலாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில்தான் கடைசிவரை எடுத்தார். 1950-லிருந்து 1996-இல் இறக்கும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். வீட்டு முற்றத்துக் காக்காயையும் அணிலையும் பார்த்த அதே கண்ணால்தான் அவர் யானையையும் பார்த்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தவர் பெங்களூருவில் வாழும் சு. தியடோர் பாஸ்கரன். அபூர்வப் பறவையைத் துரத்தும் இன்றைய வேகத்தில், அருகில் இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அந்தப் பழக்கம் கரைந்துவிட்டது. எந்த ஏரியிலாவது புதிதாக ஒரு வாத்து வந்துவிட்டால் வாட்ஸ்ஆப்பில் செய்தி பறந்து, மறுநாள் காலையில் முப்பது கேமரா வரிசையில் நிற்கிறது. ‘லைஃபர்’, அதாவது வாழ்நாளில் முதல்முறை பார்க்கும் பறவை, கிடைத்ததும் எல்லாரும் கலைந்துபோகிறார்கள். அந்த ஏரிக்கு அடுத்த வருஷம் என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை.

துரத்துவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. கூட்டமாக மேயும் வாத்துகளைப் பறக்கிற கோலத்தில் பிடிக்க வேண்டும் என்று கை தட்டுவது, கல்லெறிவது, படகை நேரே ஓட்டுவது எல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பும் பயணத்துக்குக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் நஷ்டம். கொக்கரே பெள்ளூர் மக்கள் கூழைக்கடாவைத் தங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்த மாதிரி நடத்துகிறார்கள். 2007-இல் அந்த ஊர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அதனால்தான். அந்த ஊரில் போய் நின்றுகொண்டு மரத்தடியில் சத்தம் போடும் நகரத்துக் கேமராக்காரருக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது.

எண்ணிப் பதியும் வழக்கம் பெங்களூருவுக்கு அந்நியமானதல்ல. டாக்டர் ஜோசப் ஜார்ஜ் தொடங்கிய பறவை நோக்குநர் களக் கழகம் 1970-களிலிருந்து இயங்கியது. 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பித்த ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அந்த ஆர்வத்தில் பெங்களூருவின் ஏரிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி எண்ணிய ஆர்வலர்கள், ‘பெங்களூருவின் நீர்ப்பறவைகளும் ஈரநிலங்களும்’ என்ற அறிக்கையை வனத்துறையோடு சேர்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். செல்போனும் ஆப்பும் இல்லாத காலம். ஸ்கூட்டரும் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் மட்டும். அந்த நோட்டுகள் இருப்பதால்தான் இன்று எது குறைந்தது, எது கூடியது என்று பேச ஏதோ ஓர் அடித்தளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியிலிருந்து எண்ணி பறவைக் கணக்குகளைப் பதியும் இபேர்ட் தளத்தில் ஏற்றினாலும் கணக்கில் சேரும். காக்ஸ் டவுனிலும் அல்சூரிலும் பொங்கல் வைக்காத தெரு குறைவு. பானை பொங்குவதற்கு முன்னால் ஏரிக்கரையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணிவிட்டு வரலாம். அதற்கு மாநில எல்லை தடையில்லை.

ஆழமில்லாத ஓரம் வேண்டும் என்றதும் எழும் மறுப்புகளும் நியாயமானவையே. கொசு வரும், நாற்றம் அடிக்கும், பாம்பு வரும் என்பார்கள் கரையோரக் குடியிருப்புக்காரர்கள். ஆழம் குறைந்தால் மழைவெள்ளத்தை எங்கே நிறுத்துவது என்பார்கள் பொறியாளர்கள். கொசு பயம் வீண் பயம் இல்லை. தேங்கி நாறும் கழிவுநீரில் அது பெருகத்தான் செய்யும். ஆனால் அதற்கான மருந்து கால்வாயில் சாக்கடை கலப்பதை நிறுத்துவதில் இருக்கிறது, கரையைச் செங்குத்தாக்குவதில் இல்லை. செங்குத்தான அல்சூர்க் கரையில் குடியிருப்பவர்கள் கொசுவலை இல்லாமலா தூங்குகிறார்கள்? வெள்ளத்தைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் நிறையவும் குளிர்காலத்தில் இறங்கவும் வசதியான சரிவுள்ள ஏரிதான் அடுத்த மழைக்கு இடம் வைத்திருக்கும். எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்கும் ஏரியில் முதல் பெருமழையே ரோட்டுக்கு வந்துவிடும்.

கேட்பது பெரிய தொகையும் இல்லை. அடுத்த முறை தூர்வார டெண்டர் போடும்போது, ஏரிச் சுற்றளவில் ஒரு பகுதியில் கல் பதிக்காமல், நீர் முழங்கால் ஆழத்தைத் தாண்டாத நீண்ட சரிவு விடப்படும் என்று ஒரு ஷரத்து. அள்ளிய மண்ணின் அளவோடு அந்தச் சரிவையும் அளந்து சரிபார்த்த பிறகே பில்லுக்குக் கையெழுத்து. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. அந்தச் சரிவுப் பக்கம் நடைபாதை கிடையாது, இரவில் விளக்கு கிடையாது, படகுக்கு மிதவைக் கயிறு கட்டி எல்லை. அல்சூரில் முதலில் ஒரு மூலையில் செய்து பார்க்கலாம். மூன்று குளிர்காலம் போன பிறகும் உள்ளான் வரவில்லை என்றால் திட்டம் பொய் என்று ஒதுக்கிவிடலாம். வந்ததா, வரவில்லையா என்று சொல்வதற்கு இப்போதே கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். சரிவு வெட்டுவதற்கு முந்தைய நிலை என்னவென்று பதிவில்லாவிட்டால் பிந்தைய நிலையை எதனோடு ஒப்பிடுவது?

ஜனவரிக் கணக்கெடுப்புக்கு அல்சூர் ஏரிக்கு மூன்று பேர் இருந்தால் தாராளம். பைனாகுலர் வைத்துக்கொண்டு ஒருவர் எண்ண, ஒருவர் குறித்துக்கொள்ள, மூன்றாமவர் படம் எடுக்க. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் காய் வாங்கப் போவதற்கு முன்னால் வேலை முடிந்துவிடும். ஹொசகோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்.